பாத்திக்குப் போர்த்திய கம்பளி

அன்புள்ள அப்பா,

நடந்ததை ஒன்றுவிடாமல் உண்மையாக எழுதுகிறேன்.

இந்த இலையுதிர் காலத்தில் மாலுட்டி மலையின் வானிலையை நம்பவே முடியவில்லை. நேற்று மதியம் வியர்த்தது. மாலையில் உறைபனிக் காற்று வந்துவிட்டது. குளிர்காலத்துக்கு நாங்கள் நம்பியிருந்த பூசணியும் பீன்ஸும் கொடியிலேயே இருந்தன. நீங்கள் சுரங்கத்துக்குப் போனதிலிருந்து யாரும் தொடாத கல்யாணத்தன்று நீங்கள் போர்த்திய கம்பளியை அம்மா எடுத்துவந்து பாத்தியின்மேல் போர்த்தினார்.

பக்கத்து வீட்டு மாசெலோ அத்தை வேலியருகே நின்று சிரித்தார். "ஏண்டி, புருஷன் வந்தா எதைப் போர்த்துவான்?"

"அவர் வர்றப்பப் பாத்துக்கலாம் அக்கா. பசி நாளைக்கே வந்துடும்!"

காலையில் ஊர்த் தோட்டமெல்லாம் பனியில் கருகிக் கிடந்தது. எங்கள் பாத்தி மட்டும் பச்சையாக நின்றது. அத்தை வெறுங்கூடையோடு வந்தார். அம்மா பூசணி போட்டு அனுப்பினார்.

இன்று இரவும் கம்பளி பாத்தியில்தான் இருக்கிறது. அம்மா விளக்கை அணைக்கப் போகிறார்.

உங்கள் மகள்