கூட்டத்தில் உட்கார்ந்தேன்

ஆனி மாதம், ஞாயிறு

இன்று எங்கள் தேவனாம்பட்டினத்தில் ஊர்க்கூட்டம். மீன் விற்கும் பெண்களுக்குக் கடற்கரையில் ஒரு கழிப்பறை வேண்டும் என்று கேட்கப் போனோம். விடியலில் ஏலத்துக்குப் போனால் வெயில் ஏறும்வரை அடக்கிக்கொண்டு நிற்கிறோம். தண்ணீர் குடிக்கவே பயம்.

கூட்டத்தில் பெண்கள் பேசுகிற வழக்கம் இல்லை. வெளியே நின்று, வீட்டு ஆண்கள் மூலமாகத்தான் சொல்ல வேண்டும். நான் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். என்னோடு மீன் விற்கும் வள்ளியக்காவும் பின்னாலேயே வந்து உட்கார்ந்தாள்.

"பொம்பளைங்க எதுக்கு உள்ள வர்றீங்க? உம் புருஷன் சொல்லட்டும்" என்றார் தலைவர்.

"அடக்கிக்கினு நிக்கிறது நானு மாமா. அவுரு என்னத்தச் சொல்லுவாரு?" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் எழுந்தார். வெளியே போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"அவளே பேசட்டும்ணே. எனக்கே இது இன்னிக்கித்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பேசினேன். விடியலிலிருந்து வெயில் ஏறும்வரை நிற்பதை முழுசாகச் சொல்லி முடித்தேன். ஏலம் விடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே கட்ட ஒத்துக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்துக்கும் எங்களை வரச் சொன்னார் தலைவர்.

மனசு நிறைந்துதான் இருக்கிறது. ஆனாலும் ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்து, அவருக்குத் தெரியவில்லையே. நானும் சொன்னதில்லை. இன்னும் எதையெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறேனோ.

பாயில் புரண்டு படுத்து, "இன்னும் இன்னா எழுதுற?" என்கிறார்.

சொல்லப் போகிறேன்.