வடிதாளில் படிந்த தூசி

பெர்க்லி, கலிபோர்னியா
25 செப்டம்பர் 1949

என் அருமைத் தம்பி ஆரினுக்கு,

அக்கா வெர்னா எழுதுகிறேன். நான் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததோ இல்லையோ, மோன்டானாவில் ஏணி ஏறி ஆப்பிள் பறித்துக்கொண்டிருக்கிறாள். அலாஸ்காவில் இதற்குள் குளிர் தொடங்கியிருக்கும்.

இதைத் தபாலில் போடவில்லை. உங்கள் விமானத் தளத்துக்கு வரும் எங்கள் ஆய்வுக்கூடத்து வால்டன் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

வெள்ளிக்கிழமை ஜனாதிபதி சொன்னதை நீயும் கேட்டிருப்பாய். ரஷ்யர்கள் யாருக்கும் தெரியாமல் அணுகுண்டு வெடித்துப் பார்த்துவிட்டார்கள். அது நமக்கு எப்படித் தெரிந்தது என்று உங்கள் முகாமில் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். முதலில் காட்டிக்கொடுத்தது உங்கள் விமானம் தூசி பிடிக்கக் காற்றில் நீட்டிக்கொண்டு போன வடிதாள்தான்.

"நீ குடுவை கழுவுற, நான் ஆகாயத்துல தூசி தட்டுறேன். ரெண்டு பேரும் வீட்டு வேலைதான்க்கா பாக்குறோம்" என்று போன கிறிஸ்துமஸில் கேலி செய்தாய். எதற்கு அந்தத் தூசி என்று உனக்கும் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லக்கூடாது. சிரித்து மழுப்பிவிட்டேன்.

இந்த மாதத் தொடக்கத்தில் அந்த வடிதாள் வந்ததும் கதிர்வீச்சு அளக்கும் கருவி விடாமல் படபடத்தது. எங்கள் தலைவர் ஹாஸ்கெல், "எரிமலைத் தூசியா இருக்கப் போவுது, அவசரப்படாத வெர்னா" என்றார். தாளைக் கரைத்து, பேரியம், சீரியம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தோம். ஒவ்வொன்றும் தேய்கிற வேகம் வேறு. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் எப்போது பிறந்தது என்று சொல்லிவிடலாம். எல்லாமே ஆகஸ்ட் கடைசியைத்தான் காட்டின.

வாஷிங்டனிலிருந்து வந்த அதிகாரி நம்பவில்லை. "அவங்க அணு உலையிலேர்ந்து கசிஞ்சிருக்கலாமே?" என்றார்.

"கசிஞ்சதுன்னா பழசும் புதுசும் கலந்திருக்கும் சார். இது அத்தனையும் ஒரே நொடியில பொறந்தது. குண்டுதான்" என்றேன்.

"தப்பாப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். என் பேரைப் போட்டு எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். அதற்கு நான் பயப்படவில்லை, ஆரின்.

பயந்தது அதற்கு முன்னால். தாள் வந்த உறையின் மேல் தேதி எழுதியிருந்தது உன் கை. உன் கோணல் மூன்று எனக்குத் தெரியாதா? அந்தக் குண்டுத் தூசி மேகத்துக்குள் போய் வந்தவன் நீ என்று அப்போதுதான் தெரிந்தது. வெறும் கையால் தாளை உருவிவிட்டு, அதே கையால் ரொட்டியைப் பிட்டுத் தின்றிருப்பாய்.

விமானக்காரர்களிடம் விவரம் சொல்லுங்கள் என்று அதிகாரியிடம் கேட்டேன். "அந்தப் பசங்களுக்கு எதுக்கும்மா?" என்று முடித்துவிட்டார். ஹாஸ்கெல் மட்டும் கையுறை அனுப்பச் சம்மதித்தார். காரணம் சொல்லக்கூடாதாம். காரணம் சொல்லாமல் கொடுத்தால் நீங்கள் அதைப் பனிமனிதனுக்கு மாட்டிவிடுவீர்கள். அதனால்தான், சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவளே சொல்கிறேன்: அந்தத் தூசியில் கதிர்வீச்சு இருக்கிறது, உடம்புக்குள் போனால் ஆபத்து.

பயப்படாதே. அன்று உன் மேல் பட்டது மிகக் கொஞ்சம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. பிறகும் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

வால்டன் கொண்டுவரும் கையுறையை எல்லோரையும் போடச் சொல். இறங்கியதும் உடுப்பை மாற்று. சோப்புப் போட்டுக் குளிக்காமல் சாப்பிட உட்காராதே. நீ நன்றாக இருக்கிறாய் என்று அம்மாவுக்கு எழுதிவிட்டேன். இதுவரை நான் எழுதிக்கொடுத்தது எதுவும் பொய்யானதில்லை. இதையும் பொய்யாக்கிவிடாதே.

என்றும் உன் நலம் வேண்டும்,
அக்கா வெர்னா