தலை தீபாவளிக்கு மூடிய தறிக்குழி

இன்று காலை உன் பூட்டு கிணற்றில் விழுந்துவிட்டது.

எந்தப் பூட்டு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் உங்கள் வீட்டு ஊறுகாய் அலமாரியைக் காத்துக்கொண்டிருந்த பித்தளைப் பூட்டு. அதை நீ கழற்றிக்கொண்டு வந்த நாளில், உன் அம்மா போட்ட சத்தத்தில் தெற்கு மாடவீதிப் புறாக்கள் எல்லாம் செங்கல்பட்டுக்குக் குடிபெயர்ந்தன. நீ அசரவில்லை. தறிக்காரர் ஒருவர் கொடுத்த மிச்ச நூலை முறுக்கிக் கயிறாக்கி, அரை அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் பூட்டைக் கட்டினாய். கிணற்றுக்குள் விட்டால் தண்ணீர் தொடும் இடம் வரை எத்தனை முடிச்சு என்று எண்ணி, மிச்சத்தை அடிக்கோலில் பார்க்க வேண்டியதுதான். உலகத்திலேயே மாங்காய் ஊறுகாய் வாசனையோடு நிலத்தடி நீரை அளந்தவர்கள் நாம் இருவர் மட்டுமே.

தாமலில் என் வீட்டுக் கிணற்றை இன்றுவரை அதில்தான் அளக்கிறேன். கயிறு ஏழெட்டு முறை மாறிவிட்டது, பூட்டு மாறவில்லை. இன்று காலை முடிச்சு நைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. 'பொளக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெறும் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். அரை மணி என்பதை நீ மூன்று நிமிடம் என்று எடுத்துக்கொள்வாய். "நீ சொல்றதைப் பத்தால வகுத்துக்கணும்டா" என்று சொன்னவன் அல்லவா நீ. இப்போது என் அக்கா பேரப்பிள்ளைகள் வரை அந்த வாய்பாட்டை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். "பாம்பு இருபது அடின்னு தாத்தா சொன்னாரு, ரெண்டடிதான் இருக்கும் வா" என்று என் முகத்துக்கு நேரே வகுக்கிறார்கள்.

நம் புவியியல் பி.ஏ. கடைசி வருடம் ஒரே ஒரு கேள்வியோடு தொடங்கியது. அதுவும் நீ கேட்ட கேள்வி. மழை நாள் ஒன்றில் நெசவாளர் தெரு வழியாக சைக்கிளில் போனோம். மேலண்டை வரிசையில் தறிச் சத்தம் இல்லை. கீழண்டை வரிசையில் எல்லாத் தறியும் ஓடியது. நீ பிரேக் போட்டாய்.

"ஏண்டா, ஒரே தெரு, ஒரே மழை. இந்தப் பக்கம் மட்டும் ஏன் சும்மா இருக்கா?"

"மேலண்டைக்காரங்களுக்கு இன்னிக்கு சினிமாடா" என்றேன் நான்.

நீ இறங்கிப் போய்க் கேட்டாய். குழித்தறியில் நெய்பவர் தரையோடு உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். மழை பிடித்தால் அந்தக் குழியில் தண்ணீர் ஊறும். மேலண்டை வரிசைக் குழிகளில் ஊறிவிட்டது. எதிர்வரிசையில், இருபதடி தள்ளி, இன்னும் ஊறவில்லை. ஏன்? அந்த 'ஏன்' உன் சட்டைப்பையில் தேளைப் போல ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கே முடிவு செய்தாய், நம் கள ஆய்வு இதுதான் என்று. நெசவையும் நிலத்தடி நீரையும் ஒரே வரைபடத்தில் போடப்போகிறோம்!

கீழண்டை பதினோரு வீடு உனக்கு, மேலண்டை பதினோரு வீடு எனக்கு. தினமும் புழக்கடைக் கிணற்றைக் கயிற்றால் அளக்க வேண்டும். குழித் தண்ணீரை அளக்க அவர்களிடமே ஓர் அளவுகோல் இருந்தது. ஐந்தாம் வீட்டு அம்மாள்தான் அதைச் சொல்லிக்கொடுத்தார். வாய் நிறைய வெற்றிலையும் அதைவிட நிறையக் கேலியும் வைத்திருப்பவர்.

"விரல் நனைஞ்சா நெய்யலாம்பா. கணுக்கால் வந்தா நெய்ஞ்சிக்கினே திட்டலாம். முழங்கால் வந்தா எழுந்து போயி மீன் புடிக்கலாம்."

விரல், கணுக்கால், முழங்கால். நீ அதை அப்படியே நோட்டில் தலைப்பாகப் போட்டாய். புத்தகத்து அங்குலத்தைவிட இது நம்பகமானது என்றாய்.

பேராசிரியருக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. ஆய்வு நன்றாக வந்தால் மெட்ராஸில் எம்.ஏ. சேர உனக்குத் தன் கைப்படக் கடிதம் தருவதாகச் சொன்னார். அந்தக் கடிதம் இல்லாமல் உனக்கு அங்கே இடம் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். உங்கள் வீட்டிலோ கோயில் கைங்கரியத்தைப் பார்த்துக்கொண்டு ஊரோடு இரு என்கிறார்கள். அந்த ஒரு காகிதத்தில்தான் உன் பயணம் தொங்கிக்கொண்டிருந்தது.

தீபாவளி கழிந்த மறுநாளே மழை வெளுத்துக் கட்டியது. கோயில் யானைக்கே நீச்சல் பழக்கினார்கள் என்று சொல்லலாம். சரி, வகுத்துக்கொள். அந்த வாரம் தாமல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிறது என்று ஆள் வந்து சொன்னான். ஏரி வழிந்தால் தாமல்காரன் எவனும் ஊரில் இல்லாமல் இருக்கக் கூடாது, அது எழுதாத சட்டம். வழியும் தண்ணீரில் எதிரேறும் கெண்டையை வேட்டியை விரித்தே பிடிக்கலாம். நான் போனேன். ஏழு நாள், ஏழு வகை மீன் குழம்பு. எட்டாம் நாள் திரும்பி வந்தேன், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்தேன், இரண்டு டீ குடிக்கும் நேரத்தில் பதினோரு வீட்டுக்கும் ஏழு நாள் அளவை எழுதி முடித்தேன். அந்த வாரத்தோடு அளப்பது முடிவதாகத்தான் ஏற்பாடு.

எழுதும்போதாவது அடக்கி வாசித்தேனா? நானா! மழை ஓய்ந்த பிறகும் மேலண்டைத் தண்ணீரை ஏற்றிக்கொண்டே போனேன். இரண்டடி ஏற்றினேன். ஐந்தாம் வீட்டுக் குழிக்கு முழங்கால் போட்டேன். அந்த அம்மாளின் வாய்க்கு அதற்குக் குறைந்து கொடுக்க மனம் வரவில்லை.

நீ அதை வாங்கிப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாய். "மழை நின்னப்புறம் ஏறறதுடா! எங்கேர்ந்து வரது?" பத்து நாள் நீ சரியாகச் சாப்பிடவில்லை. வரைபடத்தில் நீர்மட்டக் கோடுகளை இழுத்தாய். மேலண்டை வரிசைக்கு அடியில் தண்ணீராலான ஒரு குன்று எழும்பி நின்றது. பேராசிரியர் அதைக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். "இது ஒண்ணு போதும்பா" என்றார். நான் பக்கத்தில் நின்று, குன்றைப் படைத்தவன் என்ற முறையில் புன்னகைத்துக்கொண்டிருந்தேன்.

"வா, குன்றோட உச்சியை நேர்ல பார்த்துட்டு வருவோம்" என்றாய் மறுநாள். உச்சி என்றால் ஐந்தாம் வீடு. வயிற்று வலி என்றேன், தலைவலி என்றேன். என்னைக் கேரியரில் ஏற்றி நீயே மிதித்தாய்.

அந்த அம்மாள் வாசலில் பாவு நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னா ராஜா, ஆளையே காணோம்? தீபாவளிக்கு முன்னாடி வந்த, அப்புறம் இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றார்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஆனாலும் கேட்டாய்: "அம்மா, உங்க குழியைக் கொஞ்சம் பார்க்கலாமா? முழங்கால் தண்ணி நின்னுதாமே?"

"எந்தக் குழி?"

"உங்க தறிக்குழிதான்."

அவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு என் வேட்டிவரை வந்தது. "அட தேவுடா! தலை தீபாவளிக்கு மாப்பிள்ள வராருன்னு தறியைப் பிரிச்சி தம்பி வூட்ல போட்டுட்டு, மண்ணைக் கொட்டி மூடிட்டோமேப்பா! அது மேலதான் பாய் போட்டு மாப்பிள்ள தூங்கிக்கினு இருந்தாரு. முழங்கால் தண்ணில தூங்குறதுக்கு அவரு இன்னா எருமையா?"

உள்ளே எட்டிப் பார்த்தோம். வழித்து மெழுகிய தரை. ஓரத்தில் கோலம்கூட இருந்தது.

நீ அவர் கொடுத்த மோரைக் குடித்தாய், மாப்பிள்ளை எந்த ஊர் என்று விசாரித்தாய். தெருமுனை திரும்பியதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கேட்டாய்.

"மீதி பத்து வீடு?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

"பத்துமா?"

"பத்தும்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பதில் ஏசல் என்னிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. நீ ரப்பரை எடுத்தாய். பத்து நாள் வளர்த்த குன்றைப் பத்து நிமிடத்தில் அழித்தாய். எழுபத்தேழு கட்டத்திலும் என் எண்களை அடித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு கோடு போட்டாய். "தோராயமா ஏதாவது போட்டுக்கலாமேடா, உன் கடிதம் போயிடும்" என்று நான்தான் கெஞ்சினேன். நிமிராமலே சொன்னாய்: "தெரியலேன்னா கோடு போடணும். கோடு பொய் சொல்லாது."

பேராசிரியர் அறையில் நாம் இருவரும் நின்றோம். "குன்று எங்கே? இந்த வாரம் ஏன் காலி?" என்றார்.

"நாங்க போகலை சார்" என்றாய்.

நாங்கள்! கீழண்டை வரிசைக்கு நீ ஒரு நாள் தவறாமல் குடை கிழிய நடந்தவன். காஞ்சிபுரம் தாலுகாவில் என் வாயை மூட வைத்தவர் அதுவரை எவரும் கிடையாது. அந்த ஒரு சொல் மூட வைத்தது. 'நான்தான் போகவில்லை' என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. அவரும் இப்போது இல்லை.

"அடுத்த மழையில அளந்து முடிச்சுட்டு வா. அப்புறம் கடிதம்" என்றார். நமக்குப் பட்டம் கிடைத்தது, உனக்கு ஒரு வருடம் போனது.

ஐயம்பேட்டை அரிசி மில்லில் எனக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். நான் போகவில்லை. அடுத்த மழைக்கு முதல் பஸ்ஸில் ஏறித் தினமும் வந்தேன். ஏரி அந்த வருடமும் வழிந்தது, கெண்டை அந்த வருடமும் ஏறியது. ஊரே போயிற்று, நான் மேலண்டை வரிசையில் நின்றேன். ஐந்தாம் வீட்டு அம்மாள் என்னைக் கண்டு, "இந்த வருசம் குழி இருக்குது ராஜா, எறங்கிப் பார்த்து எழுதிக்கோ. மாப்பிள்ள வரல" என்றார். இறங்கினேன். கணுக்கால்.

மழை நின்ற மூன்றாம் நாள் உன் முன்னால் நோட்டை வைத்தேன். மேலண்டைத் தண்ணீர் ஏறியிருந்தது. மழை நின்ற பிறகு. இரண்டு அங்குலம். நீ நம்பவில்லை, நீயே வந்து அளந்தாய். பூட்டு நனைந்தது, இரண்டு அங்குலம்தான். அந்த அம்மாளைத் துருவித் துருவிக் கேட்டதில் விடை வந்தது. "எங்க மாமியா கட்டிக்கினு வந்தப்போ பின்னாடி ஒரு கால்வா இருந்துச்சாம். கோயில் கொளத்துக்குத் தண்ணி போவுமாம். அப்புறம் தூத்துட்டாங்க." மேலே தூர்த்தாலும் அடிமணலில் தண்ணீர் பழைய வழியிலேயே, இரண்டு நாள் தாமதமாக வந்துகொண்டிருந்தது.

நீ தெருவிலேயே உட்கார்ந்து சிரித்தாய். "உன் ரெண்டடியைப் பன்னெண்டால வகுக்கணும்டா!"

பூட்டை என்னிடம் விட்டுவிட்டு மெட்ராஸ் போனாய். அப்புறம் எங்கெங்கோ போனாய். ஊருக்கு வரும்போதெல்லாம் நலம் விசாரிக்குமுன் "கிணறு எத்தனை?" என்றாய். நீ கேட்பாய் என்பதற்காகவே தினமும் அளந்து எழுதத் தொடங்கினேன். எட்டு நோட்டு ஆகிவிட்டது. எண்பது என்று மற்றவர்களிடம் சொல்வேன்.

அந்த எட்டு நோட்டிலும் அங்கங்கே கோடுகள் இருக்கின்றன. காய்ச்சலில் கிடந்த நாட்கள், அக்கா பெண் கல்யாணம். சென்ற ஆடியில் ஒன்று: அன்று விடியற்காலையில் செய்தி வந்து, உன் பாடைக்குத் தோள் கொடுக்கக் கிளம்பிவிட்டேன்.

இன்றைய கட்டம் என் முன்னால் திறந்திருக்கிறது. நேற்றுப் பதினேழு அடி. மழை இல்லை, மோட்டார் ஓடவில்லை. இன்றும் பதினேழாகத்தான் இருக்கும். இல்லை, விழுந்த பூட்டு தண்ணீரை மயிரிழையாவது உயர்த்தியிருக்குமா? எத்தனை? கேள்வி கேட்கும் வியாதியை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாய். பேனா பதினேழு என்று எழுதத் துடிக்கிறது, நானும் அதை விரட்டி விரட்டிப் பார்க்கிறேன்.

கோடு போட்டுவிட்டேன். நாளை காஞ்சிபுரம் போய் ஒரு பூட்டு வாங்க வேண்டும்.