அப்பா வாங்கிய காடு

அன்பு மகள் காரினுக்கு,

நானும் உன் அப்பாவும் கர்த்தர் கிருபையால் நாட்களை நகர்த்திக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் நியூசிலாந்தில் சுகமாயிருக்க வேண்டும் என்பதுதான் என் தினசரி ஜெபம். இங்கே விஸ்கான்சினில் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்பா ஓய்வு பெற்றதும் வேட்டைக்கென்று ஓடைக்கரைக் காட்டை வாங்கினாரே, பத்திரம் முடிந்த கையோடு கேட்டைப் பூட்டி, மரத்துக்கு மரம் 'உள்ளே வராதே' என்று பலகை அடித்துவிட்டார். பக்கத்துப் பண்ணை டுவேன், பழைய சொந்தக்காரர் காலத்திலிருந்தே அங்கே மான் வேட்டையாடியவர். அவர் வந்து கேட்டபோது, "ஆயுசு பூரா காகித மில்லுல உழைச்சு வாங்கின காடுய்யா, ஊரான் வேட்டைக்கு இல்ல" என்று முகத்திலடித்தமாதிரி சொல்லி அனுப்பினார். அதன்பின் சர்ச்சில்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

கோடையில் அப்பாவின் வலது கை நடுங்க ஆரம்பித்தது, காப்பி சிந்தியது, சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட வேண்டியதாயிற்று. அது பார்க்கின்சன் என்னும் நரம்பு நோய் என்றார் டாக்டர், மாத்திரை உண்டு, குணமாகாதாம். உனக்குச் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், இப்போது அவரே எழுதச் சொல்லிவிட்டார்.

மான் வேட்டைப் பருவம் தொடங்கிய அன்று நான் தடுத்தும் கேளாமல் காட்டிலுள்ள வேட்டைப் பரணுக்குப் போனார். பெரிய கொம்புமான் ஒன்று எதிரே வந்து நின்றதாம், துப்பாக்கி முனை ஆடிக்கொண்டே இருந்ததாம். "தப்பாப் பட்டா காயத்தோட ஓடி எங்கேயோ கிடந்து சாகும் லவோன், தோட்டாவ எடுத்துட்டேன்" என்று சொல்லி அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். தன் அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் என்னிடம் சொல்லாமல் டுவேன் வீட்டுக்குப் போய் கேட் சாவியை நீட்டி, "நீ சுடு, நான் பக்கத்துல உக்காந்து பாக்கிறேன்" என்றிருக்கிறார். "மரம் மரமா எழுதி மாட்டியிருக்கியே, எனக்கும் படிக்கத் தெரியும்யா" என்றாராம் டுவேன். பிறகு அப்பா கையில் சாவி கிலுகிலுப்பதைப் பார்த்து, உள்ளே சென்று வேட்டைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாராம். பொழுது சாய ஒரு மானோடு வந்து சேர்ந்தார்கள். டுவேன் தோலுரிக்க, அப்பா விளக்குப் பிடித்தார். வெளிச்சம் ஆடிக்கொண்டே இருந்தது, டுவேன் அது போகும் பக்கமெல்லாம் கத்தியை நகர்த்திக்கொண்டார்.

காட்டை விற்றுவிடலாமா என்று கேட்டேன். "வேணாம், காரின் வந்தா அந்தக் காட்டுல நடந்து பாக்கட்டும்" என்கிறார். நீ துப்பாக்கியைத் தொடமாட்டாய் என்று அவருக்குத் தெரியும்.

கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. குளிருக்குக் கம்பளி அனுப்பவா என்று கேட்க நினைத்தேன், அங்கே இப்போது வெயில் காலம் என்பதே மறந்துவிட்டது. ஒன்றை மட்டும் நினைவில் வை. அப்பாவுக்குப் பேச்சும் மெதுவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் சத்தமே இல்லையென்றால் லைன் போய்விட்டதென்று வைத்துவிடாதே. அவர் அங்கேதான் இருப்பார், பொறுத்திரு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா லவோன்