உறுதியாகும்வரை கட்டி மட்டும்தான்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி தேவலையா? அம்மா சரியா சாப்பிடுறாங்களா?

இன்ஷூரன்ஸுக்காக நோய்களுக்குக் குறியீட்டு எண் போடுற பரீட்சையில மறுபடி ஃபெயில். சிரிக்காதீங்க. 'மார்பில் கட்டி, புற்றுநோயாக இருக்கலாம்'னு டாக்டர் எழுதியிருந்தார். நான் புற்றுநோய்னே போட்டுட்டேன். "உறுதியாகும்வரை கட்டின்னுதான் போடணும். சந்தேகத்தை நீயா நோயாக்குவியா?"ன்னு டிரெய்னர் கத்தினாங்க. விதி தெரியாம இல்லப்பா. அந்த நோயாளிக்கும் அம்மா வயசு. பயத்துல அதையே போட்டுட்டேன். இன்னொரு தடவை தவறினா வேலை போயிடும்.

அடுத்து அனுப்புற பார்சல்ல என் பழைய கண்ணாடியை வையுங்க. அம்மாவுக்கு எடுத்த கட்டியோட ரிப்போர்ட்டையும் வையுங்க. "ஒண்ணுமில்லம்மா"ன்னு போன்ல சொன்னீங்க, குரல் சரியில்ல. மறைக்காதீங்கப்பா, அதைப் படிக்க இப்ப எனக்குத் தெரியும்.

கூப்பிடுறாங்க, ஓடுறேன்.

உங்க சின்னவ