வளைவில் கவிழ்த்த தண்ணீர்

3 மார்ச் 1984

கிழங்கா,

இருபத்தாறு வயசுப் பிள்ளையை இப்படிக் கூப்பிட்டால் ஊரே சிரிக்கும் என்று கோபித்துக்கொள்வாய். பிறந்தபோது கிழங்கான் மீன் மாதிரி வெளுப்பாய், ஒல்லியாய் இருந்தாய். ராஜவேலு என்று பேர் வைத்தது உன் நைனா. அந்தப் பேரை நான் போலீஸ் ஸ்டேஷனில்தான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

ஐஸ் கம்பெனியில் உன் பேர் எழுதி இந்த டைரியை எடுத்து வைத்திருந்தார்கள். வருஷப் பிறப்புக்குக் கொடுப்பதாம். புது ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "ரெண்டு மாசமா இங்கியே கெடக்குது, பையனுக்கு வந்து வாங்கிக்கத் தெரியாதா?" என்றார். நீ போய் ஐந்து மாதம் ஆகப்போகிறது என்று நான் சொல்லவில்லை. சரி ஐயா என்று வாங்கி வந்துவிட்டேன்.

அஞ்சாவது படித்த கை. எழுத்துக் கூட்டித்தான் எழுத வருகிறது.

4 மார்ச்

மடவை மீன் ஒரு கூடை. பொன்னேரி மார்க்கெட்டில் பதினோரு மணிக்கே விற்றுத் தீர்ந்தது. ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கக் கை இன்னும் பழகவில்லை.

19 மார்ச்

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். லாரிக்காரன் மேல் போட்ட கேஸில் நானும் ஒரு சாட்சியாம். உடம்பை அடையாளம் சொன்னவள் என்று.

ஏட்டு வேதாசலம் படித்துக் காட்டினார். அக்டோபர் பதினொன்று, காலை ஏழு மணி, தோணிரேவு வளைவு. சவுக்குக் கட்டை ஏற்றிய லாரி. இறால் பெட்டி கட்டிய சைக்கிள். டிரைவர் திருவேங்கடம், அஜாக்கிரதை. அவ்வளவுதான். உன்னை ஏழெட்டு வரியில் முடித்துவிட்டார்கள்.

மேசையில் செய்தித்தாள் கிடந்தது. "தமிழ்நாட்டுல போன வருஷம் ரோட்டுல மட்டும் நாலாயிரம் பேருக்கு மேல செத்திருக்கான்மா. உன் பிள்ளை ஒருத்தன் மட்டும் இல்ல" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். நாலாயிரம் பேர் என்றால் நம் ஊர் மாதிரி எத்தனை ஊர்?

"எல்லாரும் எதனால செத்தாங்கன்னு போட்டிருக்குதா?" என்று கேட்டேன். அதற்கென்று நிரப்பி அனுப்ப ஒரு ஃபாரம் இருக்கிறதாம். எல்லா ஸ்டேஷனிலிருந்தும் மெட்ராஸுக்குப் போகுமாம். டிரைவர் தப்பு, நடந்து போனவன் தப்பு, சைக்கிள்காரன் தப்பு, வண்டிக் கோளாறு, ரோடு சரியில்லை, இதர. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.

"என் பிள்ளை எந்தக் கட்டத்துல இருக்கான்?"

"முதல் கட்டம். டிரைவர் தப்பு. அது எப்பவோ போயாச்சு."

உன் தப்பு இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். இன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

2 ஏப்ரல்

காற்று. படகுகள் போகவில்லை. நாள் முழுக்க யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது விளக்கு ஏற்றும்போதுதான் தெரிந்தது.

10 மே

காலையில் முதல் பஸ்ஸுக்கு வழக்கம்போல மீன்காரிகள் ஆறு பேரும் தோணிரேவு வளைவில் நின்றோம். பஸ் வருகிற சத்தம் கேட்டதும் கூடையைச் சாய்த்துத் தண்ணீரைக் கவிழ்த்தோம். கவிழ்க்காமல் ஏறினால் கண்டக்டர் உலகநாதன் விடமாட்டார். "யம்மா, ஒரு சொட்டு விழுந்துச்சு, கூடையோட எறக்கி வுட்ருவேன்" என்பார். ஐஸ் உருகின தண்ணி, கவுச்சி, செதில் எல்லாம் தார் ரோட்டில்தான் போகும். எத்தனை வருஷமாக இப்படித்தான்.

கூடையைத் தூக்கி ஒரு அடி வைத்தேன். கால் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. கஸ்தூரியம்மா கையைப் பிடித்து நிறுத்தி, "இன்னாடி இருசு, மடவை மாதிரி வழுக்கினு போற!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே கீழே பார்த்தேன்.

பஸ் போய்விட்டது. நான் ஏறவில்லை. வளைவு முழுக்க எண்ணெய் தடவின மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. காயும்வரை அங்கேயே நின்றேன்.

11 மே

போகவில்லை.

12 மே

அன்னிக்கும் முதல் பஸ்ஸுல நான் போனேனே. தண்ணி கவுத்துட்டு ஏறினேனே. கால் மணி கழிச்சுதானே நீ இறால் பெட்டியைக் கட்டிக்கிட்டு அந்த வழியா வந்தே. பொன்னேரி மார்க்கெட்டுக்கு ஆள் வந்து நீ போயிட்டேன்னு சொன்னப்போ கூட நான் பேரம் பேசிக்கிட்டு இருந்தேன் —

அந்த லாரிக்காரன் ஸ்டேஷன்ல அழுதான். "பையன் தானா சறுக்கி உள்ள வந்தான் சார், நான் மெதுவாத்தான் வந்தேன்"னு. பொய் சொல்றான்னு மண்ணை வாரி அவன் மூஞ்சியிலேயே தூத்தினேன். உன் வமிசம் விளங்காதுன்னேன். எல்லாரும் என் கூடச் சேர்ந்து தூத்தினாங்க.

அவன் சொன்னது நெசமா?

20 மே

கூடைத் தண்ணீரை ரோட்டுச் சரிவுக்குக் கீழே, வேலிமுள் பக்கம் கொண்டு போய்க் கவிழ்த்துவிட்டு வந்தேன். "யாருக்குடி இந்த மடி ஆசாரம்?" என்று கூட நின்ற மேரி கேட்டாள். இன்னும் ஐந்து கூடை ரோட்டில்தான்.

3 ஜூன்

இன்று அவர்கள் ஐந்து பேரிடமும் சொல்லிவிட்டேன். மீன் வரக் காத்திருக்கும்போது.

கஸ்தூரி எழுந்து நின்றாள். "அப்போ ராஜவேலை நாங்க கொன்னோம்னு சொல்றியா?"

"நான்னு சொல்றேன் அக்கா. நானும்தானே கவுத்தேன்."

"நீ கவுத்தேன்னு சொன்னா நாங்க கவுத்தது இன்னா பன்னீரா?"

கோர்ட்டில் இதைச் சொல்லப்போகிறேன் என்றதும் அவளுக்கு வந்த ஆத்திரம்! "சொல்லு, நல்லா சொல்லு. நாளைக்கே போலீஸ்காரன் வளைவுல நின்னு கூடையைப் புடுங்குவான். பஸ்ஸுல மீன் ஏத்தாதேன்னு சட்டம் போடுவான். பதினெட்டு மைல் தலைச்சுமையா நடந்து போறதா? புள்ளையைக் கொன்னவனுக்கு வக்காலத்து வாங்குறா பாரு, பெத்தவ!"

பதினெட்டு மைல் இல்லை, பதினெட்டு கிலோமீட்டர். அதைத் திருத்தவா முடியும்? மற்றபடி அவள் சொன்னது தப்பில்லை. உன்னை அவள் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சோறு ஊட்டியிருக்கிறாள்.

17 ஜூன்

பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கூட்டம். நின்றுகொண்டு வந்தார்கள்.

9 ஜூலை

ஏட்டிடம் போய்ச் சொன்னேன். மீன் தண்ணியில் சறுக்கினான், கட்டத்தை மாற்றுங்கள் என்று. முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மீன் தண்ணின்னு ஒரு கட்டமே கெடையாதும்மா. இருந்தாலும் போன வருஷக் கணக்கு முடிஞ்சுபோச்சு. மெட்ராஸ்ல கூட்டி, அச்சடிச்சாச்சு. ஒருத்தருக்காக அதைத் திருப்பி எழுத மாட்டாங்க."

"அப்போ அந்த லாரிக்கார மனுஷன்?"

"அது கோர்ட்டு பாடு. நீ சொல்லாம இருந்தா உனக்குத்தான் நல்லது. பேசாம போ."

அந்த நாலாயிரம் பேரையும் நினைத்துக்கொண்டே நடந்து வந்தேன். அவர்களைப் பெத்தவர்களில் எத்தனை பேருக்கு வேறு காரணம் தெரிந்திருக்கும்? தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு சோறு வடித்துக்கொண்டு இருப்பார்களோ? நானும் அப்படி இருந்துவிடலாம். உன் தப்பு இல்லை, என் தப்பு இல்லை, எவனோ ஒருத்தன் தப்பு. எவ்வளவு சுகம்.

22 ஆகஸ்ட்

பொன்னேரி கோர்ட்டு. உடம்பை அடையாளம் காட்டினது நீதானா என்று கேட்டு, போகச் சொல்லிவிட்டார்கள். நான் இறங்கவில்லை. ஐயா, இன்னொன்று சொல்லணும் என்றேன். அரசாங்க வக்கீல் கையை ஆட்டினார், இறங்கு என்று. நீதிபதி, அந்த அம்மா பேசட்டும் என்றார்.

"ஏழு மணிக்கு முன்னாடி அந்த எடத்துல நாங்க மீன் தண்ணி ஊத்துனோங்க. நானும் ஊத்துனேங்க. என் காலே அங்க வழுக்குச்சுங்க. அவர் வண்டிய நான் பார்க்கலீங்க. தண்ணி இருந்துச்சு. அது எனக்குத் தெரியுங்க." இவ்வளவுதான் வந்தது.

"நாங்கன்னா யார் யார்?" என்று வக்கீல் கேட்டார். என் பேரை மட்டும் சொன்னேன். மற்றவர்கள் பேர் மறந்துவிட்டது என்றேன். கோர்ட்டில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

வெளியே திருவேங்கடம் நின்றிருந்தான். கும்பிடவில்லை. பீடி பற்றவைக்கப் பார்த்தான். மூன்று குச்சி அணைந்துபோனது. நான் தூற்றின மண்ணுக்கு என்ன சொல்வது?

5 செப்டம்பர்

லாரிக்காரனை விட்டுவிட்டார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர்க் குழாயில் என் குடத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

11 அக்டோபர்

ஒரு வருஷம். படையலுக்கு யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டார்கள். இலையில் இறால் வைத்தேன். காக்கா வந்தது.

30 நவம்பர்

மழை. ரோடு கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் அந்த வளைவில் எனக்கு மூச்சு வருகிறது.

19 டிசம்பர்

மழை விட்டு நாலு நாள். ரோடு காய்ந்துவிட்டது. முதல் பஸ் வருகிற சத்தம் கேட்டதும் நான் கூடையோடு சரிவில் இறங்கினேன். பின்னால் செருப்புச் சத்தம். கஸ்தூரி. அவள் பின்னால் மேரி. அப்புறம் மற்றவர்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. வேலிமுள் மேல் ஆறு கூடையும் கவிழ்ந்தது.

பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. உலகநாதன் படியில் தொங்கிக்கொண்டு, "இன்னா, ஊர்கோலமா போறீங்க? டைம் ஆவுது!" என்று கத்தினார்.

"இருய்யா, பெரிய கலெக்டர் இவரு! தண்ணி கவுத்துட்டுதான் வருவோம்" என்று கஸ்தூரி அங்கிருந்தே கத்தினாள்.

பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். அவள் வந்து என் தோளை இடித்தாள். "நவுரு. பாதி சீட்டு எனக்கு." ஆறு மாதம் கழித்து அவள் என்னிடம் பேசின பேச்சு இவ்வளவுதான். பொன்னேரி வரைக்கும் அவள் புடவையின் கவுச்சி வாடை என் மேலேயே இருந்தது.

எல்லாம் சரியாகிக்கொண்டு வருகிறது என்றுதான் எழுத வேண்டும். ஆனால் ஒன்று. நாங்கள் ஆறு பேரும் தினமும் அவரவர் இடத்தில்தான் நிற்போம்; ரோட்டில் கவிழ்த்ததும் அங்கேயேதான். கஸ்தூரி புளியமரத்தடியில். நான் மைல்கல் பக்கம். மற்றவர்கள் நடுவில். நீ போன அன்றைக்கும் அப்படித்தான். யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் திரும்பவும் எல்லாம் உடைந்துபோகும். லாரிக்காரனுக்கும் தெரியாது, அவன் பார்த்தது நீ சறுக்கி உள்ளே வந்த பிறகுதான்.

உன் சக்கரம் முதல்ல எங்கடா சறுக்குச்சு — புளியமரத்துக்கிட்டயா, மைல்கல்லுக்கிட்டயா?