கானகக் கனகாவின் முகமூடி

ரிங்லெட்,
4 ஆகஸ்ட் 2024

அன்பு மகள் துளசிக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் இங்கே நலம். நான் ஓட்டுகிற தேயிலைக் கொழுந்து லோரிக்கு மட்டும் கிளட்ச்சில் நோவு. நீ அனுப்பிய பார்சல் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா பிரிஞ்சாங் சந்தைக்குப் பூ விற்கப் போன பிறகு பிரித்தேன்.

உன் 'கானகக் கனகா' சித்திரக்கதைப் பக்கங்களை மேசையில் பரப்பி வைத்துவிட்டுத் தேநீர் ஆறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடத்தில் படிவம் மூன்றைத் தாண்ட முடியாதவனுக்கு ஓவியத்தைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் அந்தப் புலி என் முகத்துக்கு நேரே மூச்சு விட்ட மாதிரி இருந்தது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

பேச்சுக் குமிழிகளுக்குள் என் கையெழுத்துதான் வேண்டும் என்று நீ கேட்டதை லோரி ஓட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். லோரிக் கதவில் நம்பரும் கோயில் திருவிழாவுக்குப் பதாகையும் எழுதிய கைக்கு இப்படி ஒரு பதவி உயர்வு. நீ சொன்னபடியே படத்தில் கை வைக்காமல், மேலே ஒட்டியிருக்கும் கண்ணாடித் தாளில்தான் எழுதுகிறேன். பழக்க தோஷத்தில் 'க' மட்டும் லோரிக் கதவு அளவுக்கு வந்துவிடுகிறது. அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

ஒரு சின்னக் குறை. கனகா வெறுங்காலோடு காட்டில் ஓடுகிறாள். நம் காட்டில் அப்படி ஓடினால் இரண்டாம் பக்கத்திலேயே அட்டைப் பூச்சிகள் அவள் கதையை முடித்துவிடும்.

இன்னொரு விஷயம். நான்காம் பக்கத்தில் கனகா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மரத் திருடனை முறைக்கிறாள். அந்த முறைப்பைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அது உன் அம்மாதானே? போனில் கேட்கலாமென்றால், வீட்டில் ஒழுங்காக வேலை செய்கிற ஒரே போன் அவள் கையில். அதனால்தான் இதைக் கடிதத்தில் கேட்கிறேன்.

உன் அப்பா,
ரெங்கசாமி


கோலாலம்பூர்,
10 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ரயிலில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்விட்டார்.

ஆமாம் அப்பா, அது அம்மாதான். சின்ன வயதிலிருந்து நான் பார்த்த காட்டு நாயகிகள் எல்லாருக்கும் பொன் நிறக் கூந்தல். கொடியைப் பிடித்து மரத்துக்கு மரம் தாவுவார்கள், தலை கலையாது. எனக்குத் தெரிந்த காட்டு நாயகி அப்படி இல்லை. ஒரு தடவை காட்டுப்பன்றி நம் பூப்பாத்திக்குள் புகுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா விளக்குமாற்றோடு ஓடினாள். நீங்கள் லோரியின் மேல் ஏறி நின்று, "பாத்து பாஞ்சாலை, பாத்து" என்று உதவி செய்தீர்கள்.

அம்மாவிடம் இப்போது சொல்லிவிடாதீர்கள். டிசம்பரில் இங்கே காமிக்ஸ் விழா. செப்டம்பர் கடைசிக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். புத்தகமாகவே அவள் கையில் வைக்க ஆசை.

பக்கங்கள் பத்திரம், அப்பா. எல்லாம் கையால் வரைந்தவை, இன்னும் ஸ்கேன்கூட எடுக்கவில்லை. உங்கள் எழுத்து வந்ததும் சேர்த்து எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

அன்புடன்,
துளசி


ரிங்லெட்,
18 ஆகஸ்ட் 2024

அன்பு மகள் துளசிக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். லோரிக்குப் புது கிளட்ச் போட்டாயிற்று.

இனி மற்றது. புதன்கிழமை நான் குமிழிகளில் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக் குமுதா கறிவேப்பிலை கேட்டு உள்ளே வந்துவிட்டாள். மறைக்க நேரமில்லை. குனிந்து பார்த்தாள்.

"அண்ணே, இது நம்ம பாஞ்சாலைக்கா மாதிரி இருக்கே. புலித்தோலுல்ல கட்டியிருக்கு."

"சேச்சே, இது யாரோ காட்டுல உள்ளது லா" என்றேன்.

"அக்காவும் காட்டுக்குப் பக்கத்துலதான இருக்கு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனாள். கறிவேப்பிலையைக்கூட மறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா இப்போது கோயில் மகளிர் குழுவுக்குத் தலைவி. புத்தகம் வந்தால் கமிட்டிக்காரர்கள் என்னென்ன பேசுவார்கள்? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாப் பக்கத்திலும் கனகாவுக்கு முகமூடி போட்டுவிட்டேன். கண்ணைச் சுற்றிக் கறுப்பாக, வீரமாக இருக்கிறது. முதலில் கண்ணாடித் தாளில்தான் போட்டேன். தாள் நகர்ந்து நகர்ந்து அம்மாவின் கண் எட்டிப் பார்த்தது. அதனால் தாளைத் தூக்கிவிட்டுப் படத்திலேயே போட்டேன். பதாகைக்கு வாங்கிய மை, மழைக்கும் கரையாது.

மாதிரிக்கு நான்காம் பக்கத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். அதில் மட்டும் மை கொஞ்சம் கன்னத்தில் இறங்கிவிட்டது. காட்டில் இருப்பவள்தானே, சேறு என்று நினைத்துக்கொள்வார்கள்.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

உன் அப்பா,
ரெங்கசாமி


கோலாலம்பூர்,
24 ஆகஸ்ட் 2024

அப்பா,

நான்காம் பக்கம் வந்தது. அந்த ஒரு முறைப்பு சரியாக வருவதற்கு எத்தனை தாள்களைக் கிழித்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. இப்போது அங்கே ஒரு கறுப்புப் பட்டைதான் இருக்கிறது.

இனிமேல் படங்களில் கை வைக்க வேண்டாம். எழுத்தும் வேண்டாம், அதை நானே பார்த்துக்கொள்கிறேன். மற்ற பக்கங்களை இருக்கிறபடி திருப்பி அனுப்புங்கள்.

அனுப்பும் முன் அவற்றை அம்மாவிடம் காட்டிவிடுங்கள். நீங்கள் என்னைக் கேட்காமல் முகமூடி போட்டது தப்பு என்றால், நான் அம்மாவைக் கேட்காமல் அவள் முகத்தை எடுத்ததும் தப்புதான். கோபத்தோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தபோதுதான் இது உறைத்தது. அம்மா வேண்டாம் என்று சொன்னால் புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்க மாட்டேன்.

துளசி


ரிங்லெட்,
6 செப்டம்பர் 2024

அன்பு மகள் துளசிக்கு,

உன் கடிதத்தை லோரியில் உட்கார்ந்து படித்தேன். கொழுந்து ஏற்றி முடித்து, ஆட்கள் பின்னால் தட்டிச் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் வந்து கதவைத் திறந்து, "என்னண்ணே, தூங்கறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அதுதான் மரியாதையாக இருந்தது.

காட்டச் சொன்னாய், காட்டிவிட்டேன். உடனே காட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்று சந்தையில் கூட்டம், நாளைக்குத் தலைவலி என்று நானே எனக்கு லீவு கொடுத்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா பூ கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கங்களைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். அவள் நிமிராமலே பேசினாள்.

"குமுதா அன்னைக்கே சொல்லிட்டா. நீங்க எப்பதான் காட்டுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்."

கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். புலி பாய்கிற பக்கத்தில் நின்றாள்.

"கண்ணுல என்னங்க இது?"

"முகமூடி."

"துளசி போட்டதா?"

"நான் போட்டது."

"முழங்காலு தெரியுது, முதுகு தெரியுது. அதெல்லாம் விட்டுட்டு மூஞ்சிய மட்டும் மறைச்சிருக்கீங்க. வெக்கம் யாருக்கு? எனக்கா, உங்களுக்கா?"

எனக்குத்தான் என்று சொன்னேன். வேறு பதில் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன், ஆனால் தேடியும் கிடைக்கவில்லை. உனக்கும் அதையே எழுதுகிறேன். கமிட்டிக்காரர்கள் யாரும் இன்று வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அவர்கள் பேசப்போவதையெல்லாம் நானே முன்கூட்டிப் பேசி, நானே பயந்து, நானே மையைத் தொட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்.

அம்மாவுக்கு உன்மேலும் கோபம் உண்டு. கனகாவின் மூக்குத்தியை இடப்பக்கம் போட்டிருக்கிறாயாம். "பெத்த அம்மாவுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்னு மறக்கற அளவுக்கா அங்க வேலை?" என்று அதையே நாலைந்து தடவை சொன்னாள். அப்புறம் நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தைச் சன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். மறைந்திருக்கிற இடத்தை விரலால் தடவினாள். எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

உன் புத்தகத்துக்குச் சம்மதம். முகத்தை மாற்றக் கூடாதாம். "மறுபடி வரையச் சொல்லுங்க. ஞாபகத்துல வரைய வேணாம், என்னைய பாத்து வரையட்டும்" என்றாள். புலித்தோலும் இருக்கட்டுமாம், ஆனால் மேலே ஸ்வெட்டர் போட வேண்டுமாம். "இந்தக் குளிருல ஸ்வெட்டர் இல்லாம எவ மரத்துல ஏறுவா?" இதை நீயே அவளிடம் பேசித் தீர்த்துக்கொள். நான் தலையிட்ட வரைக்கும் போதும்.

பக்கங்களை இந்தக் கடிதத்தோடு அனுப்பத்தான் கட்டி வைத்தேன். அம்மா கட்டைப் பிரித்துவிட்டாள். "என் மூஞ்சி என் வீட்டுலயே இருக்கட்டும். வேணும்னா அவ வந்து எடுத்துக்கட்டும்" என்கிறாள். மலேசியா தின விடுமுறை 16ஆம் தேதி, திங்கட்கிழமை வருகிறது. சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறினால் மூன்று நாள் கிடைக்கும். கோபம் மிச்சம் இருந்தால் அதையும் கூட்டிக்கொண்டு வா, அதற்குத் தனி டிக்கெட் கேட்க மாட்டார்கள்.

எழுத்து வேலையை நீயே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாய். நியாயம்தான். தூரிகையைக் கழுவி வைத்துவிட்டேன். அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. கனகா பேசுவதை நான்தான் எழுத வேண்டுமாம். ஆனால் அவள் என்ன பேச வேண்டும் என்பதை இனிமேல் அம்மா சொல்வாளாம். "புலிகிட்டப் போயி யாராவது இப்படி இலக்கணமாப் பேசுவாங்களா? நான் சொல்றேன், நீங்க எழுதுங்க" என்று சொல்லி, நேற்று நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நீ வேண்டாம் என்று சொன்னதைச் சொன்னேன். "அவகிட்ட நான் பேசிக்கறேன், நீங்க எழுதுங்க" என்றாள். படத்தில் கை வைக்கவில்லை, துளசி. தனித் தாளில்தான் எழுதுகிறேன். இதோ இப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள், புலி ஒரு வார்த்தை திருப்பிப் பேச இடமில்லை.

உன் அப்பா,
ரெங்கசாமி